‘ஆறா’ என்று எழுதிய குப்பி

ஸ்டெல்லா பொய் சொல்கிறாளா இல்லையா என்று பார்த்துச் சொல்ல எனக்கு நான்கு நாள் கொடுத்திருந்தார்கள். திங்கட்கிழமை காலை புதுச்சேரியில் வந்து இறங்கினேன். வியாழன் மாலை ஆறரை மணிக்குள், ஸ்வீடன் கணக்கில் மதியம் இரண்டுக்குள், என் பேராசிரியருக்குப் பதில் போயாக வேண்டும். அவள் ஏமாற்றிவிட்டாள் என்று நான் எழுதினாலும் சரி, ஒன்றும் எழுதாமல் விட்டாலும் சரி, அவளுடைய கல்லூரிக்கு ஒரு கடிதம் போகும். அவளுடைய ஐந்து வருட ஆராய்ச்சிப் படிப்பு அத்தோடு முடிந்துவிடும்.

நான் தூத்துக்குடிக்காரி. ஸ்வீடனில் ஒரு ஆய்வுக்கூடத்தில் மீன் தோலைப் பார்ப்பது என் பிழைப்பு. “மீன் கழுவுறதுக்கா இவ்வளவு படிச்ச?” என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். நாங்கள் பார்ப்பது குழம்பு மீன் இல்லை. சுண்டுவிரல் நீளம்கூட வராத, நீலக் கோடு போட்ட ஜீப்ரா மீன்.

மனிதத் தோல் கிழிந்தால், கொலாஜன் என்கிற புரத இழையைக் கொண்டுவந்து உடம்பு அந்த இடத்தை அவசரமாக அடைக்கிறது. இழைகள் ஒரே பக்கமாகக் கத்தை கத்தையாகப் படுத்துக்கொள்ளும். பிறகு அதை யாரும் பிரித்துச் சரிசெய்வதில்லை. அதுதான் தழும்பு. ஜீப்ரா மீனும் முதலில் இதே அவசர வேலையைத்தான் செய்கிறது. ஆனால் சில வாரங்களில் அந்த அடைப்பைக் கரைத்துவிட்டு, பாய் முடைவதுபோல் குறுக்கும் நெடுக்குமாக, அடுக்கடுக்காக மறுபடி பின்னிக்கொள்கிறது. புண் இருந்த இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்த வித்தை என்னவென்று தெரிந்தால் தீக்காயம் பட்டவர்களுக்கு என்றைக்காவது உதவும்.

மீனுக்கு மயக்கம் கொடுத்து அரிசி அளவுக்கு ஒரு காயம் உண்டாக்குவதும், குறித்த நாட்களில் அந்தத் தோலை எடுத்து ஸ்பிரிட்டில் போட்டு அனுப்புவதும் ஸ்டெல்லாவின் வேலை. வில்லியனூரைத் தாண்டி வயல்களுக்கு நடுவே இருக்கும் ஒரு கல்லூரியில் படிக்கிறாள். வந்ததைச் சீவி, சாயம் போட்டு, நுண்ணோக்கியில் பார்த்துப் பட்டியல் எழுதுவது என் வேலை.

டிசம்பரில் ஐந்து குப்பிகள் வந்தன. ஒவ்வொன்றின் மேலும் பேச்சுத் தமிழில் நாள் எழுதியிருந்தது. ரெண்டா, நாலா, ஆறா, பத்தா, பதினாலா. எனக்கு அது பிடித்திருந்தது. ஆறாம் நாள் தோலில் இழைகள் மெல்லியதாக, கலைந்து கிடக்க வேண்டும். ‘ஆறா’ குப்பியில் இருந்ததோ தடித்த கத்தை. ஒரே பக்கமாகப் படுத்து, பழைய தழும்பு மாதிரியே இருந்தது. ஆறு நாளில் எந்த மீனும் அந்த நிலைக்கு வராது. பேராசிரியர் படத்தைப் பார்த்தார். “யாரோ வேறு மீனைப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். நேரில் போய்ப் பார்த்துவிட்டு வா” என்றார். குரலை உயர்த்தவே தெரியாத மனிதர். அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

கிளம்புவதற்கு முன் ஸ்டெல்லாவைப் போனில் கூப்பிட்டு, “நீ மீனை மாத்திட்டியா?” என்று கேட்டேன். அதுவரை என்னை அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், “இல்ல மேடம்” என்றாள்.

திங்கட்கிழமை டவுன் பஸ்ஸில் வில்லியனூர் போனேன். எங்கள் ஊரில், அதாவது ஸ்வீடனில், பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தாலும் நின்றுகொண்டே வருவார்கள். இங்கே இருவர் இருக்கையில் மூன்றாவதாக என்னை உட்காரவைத்து, என் பையை ஒரு அம்மாள் மடியில் வாங்கிக்கொண்டார். “படிக்கட்டுலயே நின்னா இன்னா அர்த்தம்? உள்ள போம்மா” என்று கண்டக்டர் யாரையோ விரட்டிக்கொண்டிருந்தார். அடுத்தவரின் கத்தரிக்காய்ப் பை என் காலில் இடித்துக்கொண்டே வந்தது.

ஸ்டெல்லா கல்லூரி கேட்டில் நின்றிருந்தாள். ஏம்பலத்துப் பெண். அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டப் போகிறவர்கள். போனில் ஒரு நிமிடத்துக்கு நான்கு தரம் சிரிக்கிற பெண், “வாங்க மேடம்” என்றதோடு நிறுத்திக்கொண்டாள். மீன் அறையில் மோட்டார்கள் முனகிக்கொண்டிருந்தன. நோட்டுப் புத்தகத்தை என் முன்னால் வைத்தாள்.

“எல்லாத்தையும் பாருங்க மேடம். ஒண்ணும் மறைக்கல.”

பார்த்தேன். ஆறாம் நாள் பக்கத்தில் ஒரே வரி: புயல், எடுக்கவில்லை. மற்ற பக்கமெல்லாம் கறுப்பு மை, இந்த வரி மட்டும் நீலம்.

“இது எப்ப எழுதினது?”

“அப்புறமா எழுதுனேன். அந்த வாரம் ஃபுல்லா எனக்கு ஜொரம் மேடம். கலியமூர்த்தி அண்ணந்தான் மிச்ச நாளெல்லாம் எடுத்தாரு, பார்சலும் போட்டாரு. ஆறா நாளு எடுக்கலன்னு உங்களுக்குச் சொல்லிடுங்கண்ணேன்னு சொன்னேன்.”

“எனக்கு யாரும் சொல்லலை.”

“சொல்லிட்டேன்னாரே.”

கலியமூர்த்தி அங்கே மீன் தொட்டிகளைப் பார்த்துக்கொள்பவர். பனித்திட்டு என்ற கடலோர ஊர்க்காரர். லீவு நாளில் இன்னும் கடலுக்குப் போகிறவர். போன வாரம் கெளுத்தி முள் கையில் ஏறி, வீங்கி, வீட்டில் இருக்கிறாராம். அவர் போன் கடலில் விழுந்துவிட்டதாம். புயல், ஜுரம், முள், கடலில் விழுந்த போன். என் பேராசிரியருக்கு இதை எப்படி எழுதுவது என்று யோசித்தேன். எழுதினால் எனக்கே சிரிப்பு வரும்.

மதியம் வில்லியனூரில் ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டேன். சங்கரா மீன் குழம்பு, அதில் மாங்காய். ஸ்வீடனில் மதியச் சாப்பாடு என்பது கணினி முன்னால் கடிக்கிற இரண்டு ரொட்டித் துண்டு. ஆசையாகச் சாப்பிட்டிருக்க வேண்டிய சாப்பாட்டில் பாதியை இலையிலேயே விட்டு எழுந்தேன். ஸ்டெல்லா என்னோடு வரவில்லை. டப்பா கொண்டுவந்திருப்பதாகச் சொல்லிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் தூங்கிப்போனேன். கண் விழித்தால் கல்லூரியைத் தாண்டி மதகடிப்பட்டு. அன்று சந்தை. சாலை முழுக்க மாடு, வேன், வைக்கோல். திரும்பிப் போகிற பஸ் எதுவும் அசையவில்லை. ஒரு டீயும் சூடான போண்டாவும் வாங்கிக்கொண்டு கடை ஓரமாக நின்றேன். கெடுவில் பாதி நாள் மாட்டுச் சந்தையில் போகிறதே என்று எரிச்சலாக இருந்தது.

பக்கத்தில் ஒருவர் ஒரு காளையின் கழுத்தை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். நுகத்தடி பட்ட இடம் மொத்தையாகக் கறுத்திருந்தது.

“இது இன்னா, ஆறாத புண்ணா?”

“ஆறி மூணு மாசமாச்சிப்பா. தழும்புதான். நல்லா அமுக்கிப் பாரு, துள்ளுதா?”

வாங்க வந்தவர் மறுபடி அழுத்தினார். மாடு அசையவில்லை. அவருக்குத் திருப்தி இல்லை, அடுத்த மாட்டுக்குப் போய்விட்டார். நானும் இதே வேலைக்குத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். மாடாவது விற்காவிட்டால் வீட்டுக்குத் திரும்பிப் போகும்.

கல்லூரிக்குப் போய்ச் சேர மதியமாகிவிட்டது. மீன் கணக்கு நோட்டைக் கேட்டேன். அக்டோபரில் இரண்டு மீன்களைத் தனித் தொட்டிக்கு மாற்றியதாக ஒரு குறிப்பு இருந்தது.

“இது எதுக்கு?”

“அந்த ரெண்டுக்கும் புண்ணு சரியாவே ஆறல மேடம். ஒரு மாசத்துக்கு மேல ஆயும் தடிப்பா நின்னுச்சு. ஏன்னு பாக்கலாம்னு தனியா வச்சேன்.”

“இப்ப எங்க?”

“புயலுக்கப்புறம் காணோம். செத்திருக்கும்னு நெனச்சேன்.”

ஒரு மாதத்துக்கு மேல் தடித்து நின்ற புண். என் நுண்ணோக்கியில் பார்த்த கத்தை அதேதான். ஆறாம் நாள் எடுக்கத் தவறிவிட்டது. குப்பி காலி. கையில் இருந்த இரண்டு மீனைப் போட்டு ‘ஆறா’ என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். நான் தேடி வந்த பதில் கிடைத்துவிட்டது. சந்தோஷப்பட முடியவில்லை.

“அதைத்தான் ஆறாம் நாள்னு அனுப்பியிருக்கு” என்று சொல்லி, போனில் இருந்த குப்பியின் படத்தைக் காட்டினேன். ‘ஆறா’ என்ற எழுத்தும் அதற்குப் பின்னால் நீலமாக ஒரு கறையும்.

வெகுநேரம் பார்த்தாள். “அண்ணன் எழுத்துதான்” என்றாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள். “எனக்குத் திட்டு விழக் கூடாதுன்னு பண்ணிட்டாரோ மேடம்?”

நான் போனை வாங்கிப் பைக்குள் வைத்தேன்.

“அவர் பேர எழுதாதீங்க. அவருக்கு இந்த வேல போச்சுன்னா மறுபடி முழுசா கடலுக்குத்தான் போவணும். வேணும்னா எம்பேரயே எழுதிக்கங்க.”

“நீ பண்ணலைன்னு சொல்றியே.”

“நான் பண்ணல. ஆனா எழுதிக்கங்க.”

விடுதி அறைக்கு வந்து, அப்படியே எழுதிவிடலாமா என்றுகூட யோசித்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் யோசித்தேன். பழியை ஏற்றுக் கையெழுத்துப் போட ஒரு ஆள் கிடைத்துவிட்டால் என் வேலை முடிந்தது.

புதன்கிழமை பனித்திட்டுக்குப் போனோம். ஸ்டெல்லாவும் வந்தாள். பாகூர் தாண்டியதும் ஷேர் ஆட்டோவின் டயர் இறங்கியது. டிரைவர் டயரைக் கழற்றிக்கொண்டு ஒரு பைக்கில் ஏறிப் போய்விட்டார். ஒரு மணி நேரம் வரப்போரம் நின்றோம். சுற்றிலும் பச்சை, நாரை, ஆளில்லாத சாலை. வேறொரு சமயமாக இருந்தால் இருபது படம் எடுத்திருப்பேன். நாங்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்களோடு வந்த மீன்காரம்மா, “அக்கா தங்கச்சியா? சண்டையா?” என்று கேட்டார். ஸ்டெல்லா, “இல்லீங்க, இவங்க மேடம்” என்றாள்.

கலியமூர்த்தி வாசலில் வலைக்குப் பக்கத்தில், கட்டுப்போட்ட கையைத் தூக்கி வைத்தபடி உட்கார்ந்திருந்தார். ஐம்பதை நெருங்குகிற, கறுத்து ஒல்லியான ஆள். எங்களைப் பார்த்ததும் எழுந்தார். “வாங்க மேடம். பாப்பா, நீயும் வா. ஏன் மொகம் இப்டி கெடக்குது?” அவர் மனைவி நாங்கள் வேண்டாம் என்று சொல்வதற்குள் சுறாப்புட்டும் சோறும் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

சாப்பாட்டைத் தொடாமல் படத்தைக் காட்டினேன். “இந்தக் குப்பியில எந்த மீனைப் போட்டீங்க?”

“இதுவா? அந்த ஆறாத மீனு ரெண்டு, பாப்பா தனியா வச்சிருந்திச்சே.”

ஸ்டெல்லா கண்ணை மூடிக்கொண்டாள்.

“அப்ப ஏன் ஆறாம் நாள்னு எழுதினீங்க?”

“ஆறா நாளா? அன்னிக்கி எங்க மேடம் எடுத்தோம், ரோடெல்லாம் தண்ணி. ஆறாததுன்னுல்ல எழுதுனேன்.” படத்தை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “தோ, மிச்ச எழுத்து ஸ்பிரிட்டு பட்டு ஓடிடுச்சி.”

“பென்சில்ல எழுதுங்கண்ணே, ஸ்பிரிட்டுல பென்சில் அழியாதுன்னு எத்தினி வாட்டி சொன்னேன்” என்றாள் ஸ்டெல்லா. அழுகிற மாதிரி இருந்தது குரல்.

நான் விடவில்லை. இத்தனை தூரம் வந்துவிட்டு, அழிந்துபோன எழுத்தை நம்பு என்றால் எப்படி? “எழுத்து அழிஞ்சது சரி. எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். “சொன்னேனே மேடம். வாய்ஸ் அனுப்புனேன். நீங்ககூட கட்ட வெரலு போட்டீங்களே.”

போனை எடுத்து டிசம்பர் வரைக்கும் தள்ளிக்கொண்டே போனேன். இருந்தது. இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதன் கீழே நான் போட்ட கட்டைவிரல்.

எனக்கு நினைவு வந்துவிட்டது. பனியில் டிராமுக்கு ஓடிக்கொண்டே, இரண்டு மடங்கு வேகத்தில் வைத்துக் கேட்டேன். மழை, கூரை, படகு என்று அவர் ஆரம்பித்ததும், பார்சல் போட்டாயிற்று என்று சொல்ல வருகிறார், அவ்வளவுதானே என்று நினைத்தேன். கடைசியில் ஆறா, ஆறா என்று ஏதோ காதில் விழுந்தது. டிராம் வந்துவிட்டது. கட்டைவிரலைப் போட்டுவிட்டு ஏறினேன்.

அங்கேயே, மூன்று பேரும் கேட்க, சாதாரண வேகத்தில் போட்டேன்.

“மேடம் வணக்கம், கலியமூர்த்தி பேசறேன். இங்க இன்னா மழன்றீங்க. வூட்டுக்குள்ள முட்டி அளவு தண்ணி. கூர ஒரு பக்கம் போச்சி. போட்ட இழுத்துக் கட்னதுல எங்க மச்சானுக்கு தோளு எறங்கிடுச்சி. பரவால்ல, உசுரோட இருக்கறம். பாப்பாவுக்கு நல்ல ஜொரம் மேடம். நான் ரெண்டு நாளா லேபுக்கு போவ முடில. அதனால ஆறா நாளு மீனு எடுக்கவே இல்ல. ஒரு டியூபு காலியா இருந்திச்சி. அந்த ஆறாத மீனு ரெண்டும் சாவுற மாதிரி இருந்திச்சி, வீணாப் போவ வாணாம்னு அதுல போட்டிருக்கேன். ஆறாததுன்னு எழுதிருக்கேன். ஆறாவதுன்னு எடுத்துக்கப் போறீங்க. ஆறாவது இல்ல மேடம், ஆறாதது.”

கடைசி வார்த்தையை அவர் இரண்டாவது தரம் நிறுத்தி நிதானமாகச் சொல்லியிருந்தார், காது கேட்காதவரிடம் சொல்வதுபோல.

கலியமூர்த்தியின் மனைவி, “சாப்பிடுங்கம்மா, ஆறிடும்” என்றார். ஸ்டெல்லா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு நல்ல சிரிப்பு இல்லை. நான் அந்தச் சுறாப்புட்டைத் தலைகுனிந்து தின்றேன். நல்ல காரம், பூண்டு, நல்ல ருசி. அதுவும் எனக்குத் தண்டனை மாதிரிதான் இருந்தது. கூரை போனவரிடம் கூரையைப் பற்றி இரண்டு மாதமாக நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது கேட்டேன். “அது அப்பவே போட்டாச்சி மேடம்” என்றார்.

வியாழக்கிழமை மதியம் மீன் அறையில் உட்கார்ந்து கடிதம் எழுதினேன். ஆங்கிலத்தில் இப்படி முதல் வரி அமைத்தேன்: பெயர்ச்சீட்டில் ஏற்பட்ட குழப்பத்தால் ஒரு தவறு நேர்ந்துவிட்டது. நன்றாக இருப்பதாக எனக்குப் பட்டது. ஸ்டெல்லாவைப் படிக்கச் சொன்னேன். அவளுக்குச் சாதகமான கடிதம்தானே, சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

படித்தாள். “நேர்ந்துடுச்சுன்னா, யாரு மேடம் பண்ணது?”

“அதான் கீழே விளக்கியிருக்கேனே.”

“கீழயும் பாத்தேன். கேட்கப்படவில்லை, கவனிக்கப்படவில்லைன்னு இருக்கு. என்னை போன்ல கூப்பிட்டு, ‘நீ மீனை மாத்திட்டியா’ன்னுதான கேட்டீங்க. ஏதாச்சும் நேர்ந்துச்சான்னு கேக்கலியே.”

குரலை உயர்த்தவில்லை. என் பேராசிரியர் மாதிரியே பேசினாள். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. நான்கு நாள் அலைந்து உன்னைக் காப்பாற்றியிருக்கிறேனே என்று நாக்கு நுனிவரை வந்தது. யாரிடமிருந்து காப்பாற்றினேன் என்று யோசித்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

மொத்தத்தையும் அழித்தேன். அந்த இரண்டு மடங்கு வேகத்தையும் டிராமையும் எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று எழுதும்போதுதான் தெரிந்தது. ‘நான்’ என்று ஆரம்பிக்கிற வாக்கியம் ஒவ்வொன்றையும் கை தானாக வேறு மாதிரி மாற்றப் பார்த்தது. முடித்தபோது மணி ஐந்தே முக்கால். அனுப்பப் போனேன், கரண்ட் போயிற்று. மோட்டார்களுக்கு இன்வர்ட்டர் உண்டு, இணையத்துக்கு இல்லை. என் போனில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை.

“மேடம், மேல வாங்க” என்று ஸ்டெல்லா மாடிக்கு ஓடினாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று அவள் போனிலிருந்து இணைப்பு வாங்கி, கடிதத்தை என் போனில் திறந்து, அனுப்பு என்பதை அழுத்தினேன். சுற்றிச் சுற்றி வந்தது. ஆறு ஐந்து. ஆறு பத்து. அவள் திரையைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு பதினேழுக்குப் போயிற்று.

அரை மணியில் பதில் வந்தது. கல்லூரிக்குக் கடிதம் போகாது. அந்த இரண்டு மீன்களைப் பற்றி ஸ்டெல்லாவே அவள் பெயரில் எழுத வேண்டும், மீனுக்கும் தழும்பு நிற்கிறது என்றால் அது ஏன் என்று பார்த்தாக வேண்டும். கடைசி வரி எனக்கு: திரும்பி வந்ததும் என் அறைக்கு வா. அவள் இரண்டு தரம் படித்தாள். பிறகு மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். தோளில் கை வைக்கலாமா என்று தெரியாமல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை வில்லியனூரில் என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தாள். பஞ்சு சுற்றிய ஒரு குப்பியைக் கொடுத்தாள். கையில் முள் ஏறுவதற்கு முன்பே கலியமூர்த்தி இன்னும் மூன்று மீன்களைப் பிரித்துவைத்திருக்கிறார், அதே மாதிரி புண் தடித்து நின்றவை, அவற்றின் தோல் என்றாள். வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். பஸ் ஹாரன் அடித்தது. கேட்காமல் போனால் வழியெல்லாம் உறுத்தும் என்று தோன்றியது.

“ஸ்டெல்லா, என் மேல கோபம் ஆறிடுச்சா?”

“சீட்டுல எழுதியிருக்கேன் மேடம். நிதானமா படிங்க.”

பஸ் ரயில்வே கேட் தாண்டிய பிறகு பஞ்சைப் பிரித்துப் பார்த்தேன். பென்சிலால், ஓர் எழுத்தும் விடாமல் எழுதியிருந்தாள்: ஆறாதது.